கவிழ்த்து வைத்த அட்டைகள்

கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் இடது விலாவுக்குக் கீழே ஒரு வலி பிடித்தது. மூக்கண்டப்பள்ளி தாண்டுவதற்குள் நான் முன் சீட்டுக் கம்பியில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன். குனிந்தாலும் வலி, நிமிர்ந்தாலும் வலி. பிரசவ வலி பார்த்தவள் நான். இது அதைவிட மோசம் என்று சத்தியம் செய்வேன். அதிலாவது கடைசியில் ஒரு பிள்ளை கிடைக்கிறது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், ஊசி போட்டு, வலி அடங்கிய பிறகு கல்லடைப்பு என்றார்கள். வீட்டுக்கு வந்து படுத்ததும் வைத்தியம் சொல்கிறவர்கள் வரிசை கட்டி வர ஆரம்பித்தார்கள். வீட்டுக்கார அம்மா வாழைத்தண்டுச் சாறு கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார். ஃபவுண்டரியில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரரிடம் அவர் கூட்டாளிகள் பீர் குடித்தால் கல் தானாக விழுந்துவிடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எனக்குத் துணைக்குத் தானும் குடிப்பதாக அவர் சொன்னார். நான் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

குருபரப்பள்ளிப் பக்கம் ஒருவர் வயிற்றில் வாய் வைத்து உறிஞ்சிக் கல்லை எடுக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் என்னை அங்கேயும் கூட்டிப்போனார். ஹைவேயை ஒட்டி ஒரு ஷெட். முன்னால் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஆள் என் இடுப்பில் ஒரு குழாயை வைத்து உறிஞ்சி, எவர்சில்வர் தட்டில் ‘டங்’கென்று எதையோ துப்பினார். எடுத்துப் பார்த்தேன். ஷெட்டுக்கு வெளியே ரோட்டு வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லியில் ஒரு பொடிசு. வீட்டுக்காரர் அதைப் பத்திரமாகத் தாளில் மடித்து வைத்துக்கொண்டார். திரும்பும் வழியிலேயே எனக்கு மறுபடி வலித்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லை.

அதன் பிறகுதான் சிறுநீரக டாக்டரைப் பார்த்தோம். அவர் நிமிர்ந்து பார்க்கவே நேரமில்லாதவர். எங்கள் கம்பெனி பெல்ட்டில் எலக்ட்ரானிக் போர்டு ஒன்றன்பின் ஒன்றாக வருவதுபோல அவர் முன்னால் நாங்கள் வந்துகொண்டிருந்தோம். ஆனால் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகவே சொன்னார்.

“சின்னதா இருந்தா மாத்திரையும் தண்ணியுமே போதும்மா, தானா வந்துடும். உங்களது அந்த அளவைத் தாண்டிடுச்சு. ஆனா ரொம்பப் பெருசும் இல்லை, ரொம்பக் கெட்டியும் இல்லை. வெளியில இருந்தே அதிர்வு குடுத்து உடைச்சுப் பார்க்கலாம். கத்தி கிடையாது, துளை கிடையாது. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.”

“அப்பக் கல்லு?”

“உள்ளயே பொடியாகும். உடைக்கிறது மெஷின் வேலை. வெளியே தள்ளுறது உங்க வேலை. மணிக்கொரு தடவை தண்ணி குடிக்கணும், அடக்காம போகணும். தள்ளலேன்னா துண்டெல்லாம் சேர்ந்து யூரின் குழாயை அடைச்சுக்கும். அப்புறம் அட்மிட் பண்ணி, மயக்கம் குடுத்து, உள்ளே ட்யூப் விட்டுத்தான் எடுக்கணும்.”

“அதுக்கு எத்தன நாளு சார் லீவு போடணும்?”

“முதல்ல இதைப் பார்ப்போம்” என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

அவருக்கு அது சாதாரணக் கேள்வி. எனக்கு அதுதான் கேள்வியே. நான் பர்மனென்ட் இல்லை, கான்ட்ராக்ட். போன வருஷம் எங்கள் லைனில் ஒருத்தி கர்ப்பப்பை ஆபரேஷன் முடித்துத் திரும்பி வந்தபோது, அவள் சீட்டில் வேறு பெண் உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. கேட்டில் அவள் கார்டு வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். என் மகள் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருஷம். வீட்டுக்காரர் சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியாக இருக்கும். என் சீட்டு போனால் அவள் படிப்பும் போகும். ஆகவே கல் பொடியாக வேண்டும், பொடி எல்லாம் வெளியே வர வேண்டும், நான் சீட்டைவிட்டு அதிக நாள் எழுந்திருக்கக் கூடாது.

அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கார்களுக்குள் போகிற எலக்ட்ரானிக் போர்டுகளை ஸ்க்ரூ போட்டுப் பூட்டி அனுப்புவது எங்கள் வேலை. லைனில் எல்லாரும் பெண்கள். பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். போர்டு முன்னால் வரும், நம் பங்கைச் செய்து தள்ளிவிட வேண்டும். நடுவில் எழுந்து போனால் பின்னால் போர்டு குவியும், சூப்பர்வைசர் ஓடி வருவார். அதனால் லைனுக்கு ஒரு ரிலீவர் உண்டு. பாத்ரூம் போக வேண்டுமென்றால் அவள் வந்து நம் சீட்டில் உட்கார்வாள், நாம் போய்விட்டு வரலாம். ஒருத்தி திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவள். கோட்டைக் கழற்றி, தொப்பியைக் கழற்றி, செருப்பு மாற்றி, போய் வந்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிக்கொண்டு உட்காருவதற்குள் மூச்சு வாங்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. அதுதான் ஒருத்திக்கு டர்ன். அதற்கு மேல் கொடுக்க ரிலீவர் ஒருத்தியால் முடியாது.

ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு மஞ்சள் அட்டை இருக்கிறது. நிமிர்த்தி வைத்தால் போக வேண்டும் என்று அர்த்தம். கம்பெனி சொன்னது அவ்வளவுதான். முகம் கீழாகக் கவிழ்த்து வைப்பது நாங்களாக ஏற்படுத்திக்கொண்டது. என் டர்ன் எனக்கு வேண்டாம், வேண்டியவளுக்குக் கொடு என்று ரிலீவருக்குச் சொல்கிறோம். யாருக்காவது மாதவிலக்கு என்று தெரிந்தால் பக்கத்தில் இரண்டு மூன்று பேர் பேசாமல் அட்டையைக் கவிழ்த்துவிடுவார்கள். வாங்கிக்கொண்டவள் நன்றியெல்லாம் சொல்வதில்லை. அவள் முறை வரும்போது அவள் கவிழ்ப்பாள். சூப்பர்வைசருக்கு இன்றுவரை இது தெரியாது. எங்கள் லைன் பெண்கள் ரொம்ப ஒழுங்கு என்று மீட்டிங்கில் சொல்லிக்கொள்வார்.

இந்த லட்சணத்தில் எவள் தண்ணீர் குடிப்பாள்? பாட்டிலை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வாசலுக்கு வெளியே ரேக்கில் வைத்துவிட வேண்டும். டர்னில் வெளியே வரும்போது வாயை நனைத்துக்கொள்வோம். நான் பல வருஷம் அப்படியே ஓட்டினேன். “உங்களால எனக்குத் தொந்தரவே இல்லக்கா” என்று ரிலீவர் சொல்லும்போது எனக்குப் பெருமையாக வேறு இருக்கும். என் இடுப்புக்குள் கல் வளர்ந்துகொண்டிருந்த லட்சணம் அது.

கல் உடைக்கும் மெஷின் பார்டர் தாண்டி, கர்நாடகத்துக்குள் இருந்த ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தது. இஎஸ்ஐ கார்டைக் காட்டி, கையெழுத்துக்கு நடையாய் நடந்து, வாரக் கடைசியோடு ஒட்டிய மாதிரி ஒரு நாள் வாங்கினோம். மேஜையில் படுக்கவைத்து, இடுப்புக்கு அடியில் தண்ணீர் நிரப்பிய மெத்தை போல ஒன்றை அழுத்தினார்கள். மெஷின்காரப் பையன் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து, ஆடாமல் இருக்கச் சொன்னான். பிறகு டக், டக், டக் என்று சத்தம் ஆரம்பித்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் தடித்த ரப்பர் பேண்டை இழுத்து முதுகில் விட்டதுபோலச் சுண்டியது. வலி என்று சொல்ல முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. ஊசி மருந்தின் மப்பில் எனக்குத் தூக்கம் வந்தது. யாராவது என்னைப் படுக்கவைத்துவிட்டு வேலை பார்த்து எத்தனை நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் சிறுநீர் ரோஸ் நிறத்தில் போனது. இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லியே அனுப்பியிருந்தார்கள். ஆனாலும் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளுத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் நான்தான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். துண்டுகள் வருகிறதா என்று வடிகட்டிப் பார்க்க வேண்டும் என்பதால் அவர் பச்சைக் கைப்பிடி போட்ட புது டீ வடிகட்டி ஒன்று வாங்கிவந்தார். வீட்டில் டீக்கு இருந்தது சிவப்பு. மகள் ஒரு வாரம் டீயே குடிக்கவில்லை.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். ஷிஃப்டுக்கு முன்னாலேயே சூப்பர்வைசரைப் பிடித்து, மணிக்கொரு தடவை தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் விட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டினேன். படித்துப் பார்த்தார். கெட்ட மனுஷன் இல்லை, என் தம்பி வயசுதான் இருக்கும்.

“இதை நான் மேல குடுத்தா, மெடிக்கல் அன்ஃபிட்னு எழுதிடுவாங்க மேடம். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது. நீங்களே எப்படியாச்சும் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க.”

சீட்டை மடித்துத் திரும்பக் கொடுத்துவிட்டார். அன்று முழுக்க இரண்டே தடவைதான் போக முடிந்தது. குடித்தால் போக வேண்டுமே என்று குடிக்கவும் இல்லை. சாயங்காலம் இடுப்பில் பழைய இடத்திலேயே வலி கிளம்பியது. லாக்கர் ரூமில் உட்கார்ந்து அழுதேன். என் பக்கத்துச் சீட்டுப் பெண் வந்து தோளைத் தொட்டாள். சூளகிரிப் பக்கத்துக் கிராமம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவள், வயதில் என் மகளுக்கும் எனக்கும் நடுவில் இருப்பவள். டாக்டர் சொன்னதையெல்லாம் அவளிடம் கொட்டினேன். துண்டு வெளியே வராவிட்டால் ஆபரேஷன், ஆபரேஷன் என்றால் சீட்டு போய்விடும் என்பதையும் சொன்னேன்.

“இவ்ளோதானாக்கா? இதுக்குப் போயி அழுதுக்கினு இருக்கீங்க” என்றாள்.

மறுநாள் உட்கார்ந்து பார்க்கிறேன், அவள் அட்டை கவிழ்ந்திருந்தது. அவளுக்கு அந்தப் பக்கத்து அட்டையும். எதிர்வரிசையில் மூன்று. ரிலீவர் ஒரு மணி நேரத்தில் வந்து என் தோளில் தட்டினாள். “எழுந்திரிங்கக்கா. போயி குடிச்சிட்டு, போயிட்டு வாங்க” என்றாள். அடுத்த மணிக்கும் வந்தாள். அதற்கடுத்த மணிக்கும் வந்தாள்.

பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி அழுதேன். இந்த அழுகை வேறு. சொந்தக்காரர்கள் ஜுரம் என்றால் வாட்ஸ்அப்பில் ஒரு பூப்படம் அனுப்புவதோடு நிறுத்திக்கொள்கிற காலத்தில், யாரோ பெற்ற இந்தப் பெண்கள் எனக்காக அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தோஷமாக, வயிறு முட்டக் குடித்தேன்.

முதலில் மணல் மாதிரி வந்தது. பிறகு ஒருநாள் சுருக்கென்ற வலியோடு, கடுகு அளவில் பழுப்பாக ஒரு துண்டு. தாளில் மடித்துக் கொண்டுபோய்ப் பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். “ஐய, இத்துனூண்டுக்கா இந்த ஆட்டம் ஆடுனீங்க!” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அடுத்தடுத்த வாரங்களிலும் துண்டுகள் வந்தன. வரும் நாளெல்லாம் கேன்டீனில் அதுதான் பேச்சு. என் கல் எங்கள் லைனுக்கே பொதுச்சொத்து ஆகிவிட்டது.

ஒரு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். “சுத்தமா இருக்கு. நல்லாத் தண்ணி குடிச்சிருக்கீங்க. எல்லாரும் இப்படிச் செய்யறதில்லை” என்றார். ஒருதடவை கல் வந்த உடம்பில் திரும்பவும் வரும், அதனால் இந்தத் தண்ணீரை ஆயுசுக்கும் விடக் கூடாது என்றும் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பெரிய பாரம் இறங்கியது போலிருந்தது. வரும் வழியில் லைனில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கினேன்.

மறுநாள் அதை எடுத்துக்கொண்டு போனால், பக்கத்துச் சீட்டுப் பெண் முகமே சரியில்லை. மைசூர்பாகை வாங்கி வைத்துக்கொண்டாள், வாயில் போடவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அவளுக்கு உடம்பு உதற ஆரம்பித்தது. ஸ்க்ரூ டிரைவர் கையில் நிற்கவில்லை. சூப்பர்வைசர் அவளைக் கம்பெனி வண்டியில் ரூமுக்கு அனுப்பிவைத்தார். பையைக்கூட எடுக்காமல் போய்விட்டாள்.

ஷிஃப்ட் முடிந்ததும், அவள் பையையும் பாட்டிலையும் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று ரேக்குக்குப் போனேன். அவள் பாட்டிலைத் தூக்கினால் கனத்தது. கழுத்துவரை தண்ணீர். காலையில் பிடித்துவைத்தது அப்படியே இருந்தது. ஜுரத்தில் குடித்திருக்க மாட்டாள் என்று நினைத்தபடி பக்கத்துப் பாட்டிலைப் பார்த்தேன். அதுவும் நிறைந்திருந்தது. அதற்கடுத்ததும், கீழ்த்தட்டில் இருந்ததும் அப்படியே. ஒரு மாதமாக நான் அந்த ரேக்குக்கு ஓடி வந்து, என் பாட்டிலைக் காலி செய்து, நிரப்பி வைத்துவிட்டு ஓடியிருக்கிறேன். மற்ற பாட்டில்களை ஒருநாளும் பார்க்கவில்லை.

ரிலீவர் செருப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்டேன்.

“தெரியாதாக்கா உங்களுக்கு?” என்று ஆச்சரியப்பட்டாள். “குடிச்சா போகணும் இல்ல. அட்டையக் கவுத்துட்டு தண்ணியும் குடிச்சா எப்பிடி முடியும்? உங்களுக்குச் சரியாகுற வரைக்கும் காலைல காப்பியோட சரின்னு எல்லாரும் பேசி வெச்சிக்கினாங்க. மத்தவங்களாச்சும் ரொம்ப முடியலன்னா நடுவுல நிமித்துவாங்க. அந்தப் பொண்ணு மட்டும் ஒருநாளும் நிமித்தவே இல்ல.”

மத்திகிரியில் நாலு பெண்களோடு அவள் இருந்த ரூமுக்கு நேராகப் போனேன். போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். தொட்டால் சுட்டது. பத்து நாளாகவே சிறுநீர் போகும்போது எரிச்சல், முதுகில் வலி என்று அப்போதுதான் சொல்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவள்மேல் வந்த கோபமா என்மேல் வந்ததா என்று தெரியவில்லை.

“ஏன்டி, வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன? நானும் பக்கத்துலதான உக்காந்திருக்கேன்!”

“சொன்னா நீங்க தண்ணி குடிக்கறத நிறுத்திடுவீங்க” என்றாள். “கல்லு உள்ளயே நின்னுட்டா அப்புறம் சீட்டு போயிடும்னீங்க இல்ல.”

அன்றே அவளை என் டாக்டரிடம் கூட்டிப்போனேன். கிருமி மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டுவிட்டது என்றார். ஊசி போட்டார். ஸ்கேனில் ஒரு பொடிக் கல்லும் தெரிந்தது. “இது இன்னைக்கு நேத்து வந்தது இல்லை, ரொம்ப நாளா இருந்திருக்கும். இதுக்கு மெஷினெல்லாம் வேண்டாம். மருந்து சாப்பிட்டு, மணிக்கொரு தடவை தண்ணி குடிச்சா வந்த வழியே போயிடும். குடிக்கலேன்னாதான் வளரும்” என்று அவளிடம் சொன்னார். பிறகு என்னைக் காட்டி, “உங்க அக்காவைக் கேட்டுக்கங்க. அவங்க மாதிரி குடிங்க” என்றார்.

வெளியே வந்து மருந்துக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தோம். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கத்தி படாமல், துளை போடாமல் எனக்குச் சரியானது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

அவள்தான் பேசினாள். குறையாகச் சொல்லவில்லை. நாளைக்கு என்ன குழம்பு வைப்பது என்று கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

“ஏன்க்கா, இப்ப நான் தண்ணி குடிக்கணும்னா யாரு குடிக்காம இருக்கறது?”

நான் குடிக்காமல் இருக்கிறேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.